இழுப்பதைப் பற்றி எழுதினீர்கள், இறக்கத்தில் நிறுத்துவதைப் பற்றி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்கரியிலிருந்து எழுதுகிறேன். ஸ்கார்பரோவில் இருக்கும் என் மாமனார் உங்கள் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து மரண அறிவித்தல்கள் வரை விடாமல் படிப்பவர், பிடித்ததைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் எங்களுக்கு அனுப்புவார். போன வாரம் அவர் அனுப்பியது, ராக்கி மலைக்கு ஒரு குடும்பம் சின்ன டிரெய்லரை இழுத்துக்கொண்டு போய்த் தங்கி வந்த கதை. கீழே ஒரு கேள்வியும் போட்டிருந்தார்: "தம்பி, இது இவ்வளவு சுகமோ?" அவருக்கு எழுத ஆரம்பித்த பதில் நீண்டுகொண்டே போனது, சரி உங்களுக்கே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

கட்டுரை நன்றாக இருந்தது. படங்கள் அதைவிட நன்றாக இருந்தன. பச்சை ஏரி, பின்னால் பனி, டிரெய்லர் வாசலில் மடக்கு நாற்காலி, கையில் டீ. பார்த்ததும் கிளம்பத் தோன்றும். என்னை உறுத்தியது ஒரே ஒரு வரிதான். ஏழு பேர் உட்காரும் வேன் ஒன்று இருந்தால் போதும், 3,500 பவுண்டு வரை தாராளமாக இழுக்கும் என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். இழுக்கும். நானும் ஏழு கோடையாக அப்படி ஒரு வேனில்தான் இழுத்துக்கொண்டிருக்கிறேன், முதல் இரண்டு வருடம் வாடகை டிரெய்லர், அப்புறம் பழையதாக வாங்கிய 16 அடி ஃபைபர் கிளாஸ் டிரெய்லர். கேட்கிறவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்பது மூன்று கேள்விதான்: என்ன விலை, எத்தனை பேர் படுக்கலாம், உள்ளே டாய்லெட் இருக்கிறதா. இறக்கத்தில் எப்படி நிறுத்துவாய் என்றும், அந்த டாய்லெட் தண்ணீரை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவாய் என்றும் இதுவரை யாரும் கேட்டதில்லை. உங்கள் கட்டுரையாளரும் இந்த இரண்டையும் தொடவில்லை.

முதலில் அந்த 3,500. அது டிரெய்லரின் எடைக்கு மட்டும் சொன்ன கணக்கு. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், ஆட்களும் சாமானும் சேர்த்து வண்டி எவ்வளவு சுமக்கலாம் என்று கிலோவில் போட்டிருப்பார்கள். என் வேனில் 560. நாங்கள் ஆறு பேர், அப்பா அம்மாவும் பிள்ளைகளும் சேர்த்து 390 கிலோ. டிரெய்லரைச் சாமான் ஏற்றி எடை மேடையில் வைத்தபோது 1,300 கிலோ, அதாவது 2,900 பவுண்டுக்குள். ஆகா, இன்னும் 600 பவுண்டு மிச்சம் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் டிரெய்லரின் மூக்கு, வேனின் பின்னால் இருக்கும் ஹிட்ச் உருண்டையின் மேல் உட்காருகிறது அல்லவா, அந்த மூக்கின் பாரமும் வேன் சுமக்கிற பாரம்தான். மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் மூக்கில் இருக்க வேண்டும், என்னுடையதில் 156 கிலோ. 390-ம் 156-ம் 546. மிச்சம் 14 கிலோ. வேனுக்குள் அம்மா வைத்த தின்பண்டப் பை ஒன்றே அதைத் தாண்டிவிடும். அதனால் பெட்டிகளையெல்லாம் டிரெய்லருக்குள் மாற்றினோம், அங்கேதான் அடுத்த வினை ஆரம்பித்தது.

அம்மாவுக்கு ஒரு பிடிவாதம். லேக் லூயிஸ் முகாமில் கரண்ட் உண்டு என்று தெரிந்ததும், மேசை மேல் வைக்கிற சின்ன கிரைண்டரை எடுத்துக்கொண்டுதான் வருவேன் என்றார். மலையில் போய் மாவாட்டுவதா என்று என் மனைவி சிரித்தாள், பிறகு அவளும் இட்லித் தட்டை எடுத்து வைத்தாள், அது வேறு கதை. கிரைண்டர், ஒரு மூட்டை அரிசி, மடக்கு நாற்காலிகள், எல்லாவற்றையும் பின் கட்டிலுக்கு அடியில் அடைத்தேன், இடம் அங்கேதான் இருந்தது. தண்ணீர் டாங்கும் எங்கள் டிரெய்லரில் பின்பக்கம், அதை வீட்டிலேயே ரொப்பிவிட்டேன், 80 லிட்டர் என்றால் 80 கிலோ. டிரெய்லரின் சக்கர அச்சுக்குப் பின்னால் பாரம் ஏற ஏற மூக்கு லேசாகும். மூக்கு லேசானால் டிரெய்லர் வால் ஆட்டும்.

கல்கரியிலிருந்து டிரான்ஸ்-கனடா நெடுஞ்சாலையில் போனால், கான்மோருக்குக் கொஞ்சம் முன்னால் லாக் டெஸ் ஆர்க் என்ற ஏரி சாலையோரத்திலேயே வரும். மலை இடுக்கில் இருந்து காற்று அங்கே பிய்த்துக்கொண்டு வரும், ஏரியில் அலை வெள்ளை வெள்ளையாக உடையும். ஒரு பெரிய லாரி என்னைத் தாண்டிப் போனது, அதே நேரம் பக்கக் காற்று ஒரு தள்ளு தள்ளியது. கண்ணாடியில் பார்த்தால் டிரெய்லர் இடது பக்கம் தெரிகிறது, அடுத்த நொடி வலது பக்கம் தெரிகிறது, ஸ்டியரிங் என் கையில் இருக்கிறதே தவிர வேனை ஓட்டுவது பின்னால் வருகிற பெட்டிதான். கால் தன்னால் பிரேக்குக்குப் போகும். போகக் கூடாது. வேனின் பிரேக்கை அழுத்தினால் டிரெய்லர் பின்னாலிருந்து இன்னும் மோதித் தள்ளும். ஆக்ஸிலேட்டரை மட்டும் விட்டுவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, டிரெய்லரின் பிரேக்கை மட்டும் தனியாகப் போட வேண்டும். அதற்கு டாஷ்போர்டுக்குக் கீழே பிரேக் கண்ட்ரோலர் என்று உள்ளங்கை அளவு ஒரு பெட்டி பொருத்தியிருப்போம், அதில் கட்டைவிரலால் தள்ளுகிற ஒரு சின்ன நெம்பு இருக்கும். பழைய வாடகை டிரெய்லர்காரர் ஒருவர் இதைப் போகிற போக்கில் காட்டியிருந்தார், இல்லாவிட்டால் இந்தக் கடிதத்தை எழுத நான் இருந்திருக்க மாட்டேன் என்று சொன்னால் அது பெரிய மிகையில்லை. நான்கைந்து ஆட்டத்தில் நின்றது. அடுத்த நிறுத்தத்தில் டாங்கைக் காலி செய்து, கிரைண்டரையும் அரிசியையும் அச்சுக்கு முன்னால் தரையில் வைத்துக் கட்டினேன். அதற்குப் பிறகு அன்று முழுவதும் வண்டி பூனை மாதிரி வந்தது. தண்ணீரைப் போய்ச் சேர்ந்த இடத்தில் பிடித்துக்கொள்ளலாம், அதுவும் சும்மாவே கிடைக்கிறது.

இந்த இடத்தில் ஒரு சட்ட விஷயம். ஒன்டாரியோவில் டிரெய்லரின் மொத்த எடை 1,360 கிலோவைத் தொட்டால்தான் அதற்குத் தனி பிரேக் கட்டாயம். ஆல்பர்ட்டாவில் 910 கிலோ. டொராண்டோவிலிருந்து பிரேக் இல்லாத சின்ன டிரெய்லரை மூன்று மாகாணம் தாண்டி இழுத்துக்கொண்டு வருகிறவர்கள் இதைப் பார்த்துக்கொள்வது நல்லது. சட்டத்தை விடுங்கள், பிரேக் இல்லாத எந்த டிரெய்லரையும் நான் மலைக்கு ஏற்ற மாட்டேன், அது 700 கிலோவாக இருந்தாலும் சரி. அதேபோல் ஹிட்ச் உருண்டை. 2 அங்குல மூக்கை ஒன்றேமுக்கால் சொச்சம் அங்குல உருண்டையிலும் மாட்டலாம், தாழ்ப்பாளும் விழும், பார்த்தால் சரியாகத்தான் இருக்கும், ஒரு மேடு ஏறினால் கழன்று வந்துவிடும். முதல் வருடம் ஒரு வாடகைக் கடையில் எனக்கு அப்படித்தான் மாற்றிக் கொடுத்தார்கள். உருண்டையின் தலையிலேயே அளவு பொறித்திருக்கும், கொஞ்சம் கிரீஸைத் துடைத்தால் தெரியும். துடைத்துப் பாருங்கள்.

இனி இறக்கம். லேக் லூயிஸிலிருந்து ஜாஸ்பர் வரை போகிற ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே 232 கிலோமீட்டர். வழியில் பெரும்பாலும் போன் எடுக்காது, பெட்ரோலுக்கு நடுவில் சஸ்காட்சுவான் கிராஸிங் ஒன்றுதான், அதுவும் பனிக்காலத்தில் மூடிவிடுவார்கள். கொலம்பியா ஐஸ்ஃபீல்டு பக்கத்தில் வில்காக்ஸ் என்று ஒரு சின்ன முகாம் இருக்கிறது, 2,000 மீட்டருக்கு மேல். அங்கே ஓர் இரவு தங்கிவிட்டுக் காலையில் தெற்கே கிளம்பினோம். சன்வாப்டா கணவாயைத் தாண்டியதும் சாலை மலையை விட்டுக் கீழே விழுகிறது. அந்த இறக்கத்துக்கு அங்கே பேரே பிக் ஹில். அடிவாரத்தில் சாலை ஒரே சுற்றாகத் திரும்பும், அது பிக் பெண்ட். எதிரில் பள்ளத்தாக்கு முழுக்கத் திறந்து கிடக்கும், ஆறு நூல் நூலாகப் பிரிந்து ஓடும், கார்க்காரர்கள் எல்லாம் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். நான் பிரேக்கில் லேசாகக் கால் வைத்தபடி, ரொம்பப் பொறுப்பாக ஓட்டுவதாக நினைத்துக்கொண்டு இறங்கினேன்.

முன் சீட்டில் அப்பா. போடியில் முப்பது வருடம் லாரி ஓட்டியவர். போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவு, அதில் ஏலக்காய் மூட்டையோடு இறங்கி இறங்கிப் பழகியவர். ராக்கி மலையைப் பார்த்து இரண்டு நாளாக அவர் பெரிதாக எதுவும் சொல்லவில்லை, நல்லா இருக்கு என்பதோடு சரி. இறக்கத்தில் பாதி போயிருப்போம், ஜன்னலை இரண்டு விரல் அளவு இறக்கி மூக்கை வைத்தார். "லைனிங் தீயுதுடா" என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் போனதும் எனக்கும் வந்தது, கருகிய முடியும் சூடான இரும்பும் கலந்த மாதிரி ஒரு நாற்றம். மிதியும் வழக்கத்தைவிட ஆழமாகப் போக ஆரம்பித்தது.

"எந்த கியர்ல ஏறுனே?"

"ஆட்டோமேட்டிக்பா."

"அது என்னவோ இருக்கட்டும். ஏறுன கியர்லயே எறங்கணும். பிரேக்க மிதிச்சுக்கிட்டே எறங்குறவன் பாதி மலையில பிரேக் இல்லாம நிப்பான்."

கியர் நெம்பை மேனுவலுக்குத் தள்ளி ஒவ்வொன்றாகக் குறைத்தேன். எஞ்சின் ஓலமிட்டது, பின்னால் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள், ஆனால் வண்டி பிடித்து இழுத்த மாதிரி அடங்கியது. முதலில் கிடைத்த ஒதுக்கிடத்தில் நிறுத்தினோம். சக்கரத்திலிருந்து மெல்லிசாகப் புகை. நான் தண்ணீர் பாட்டிலை எடுத்தேன், அப்பா கையைப் பிடித்துக்கொண்டார். காய்ந்த இரும்பில் தண்ணீர் பட்டால் வெடிப்பு விடும், சும்மா ஆற விடு என்றார். முக்கால் மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம், அம்மா முறுக்கு டப்பாவைத் திறந்தார். அந்த முக்கால் மணி நேரத்தில் அப்பா எனக்குச் சொன்னதுதான் இந்தக் கடிதத்தின் சாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கியரை இறக்கம் தொடங்கிய பிறகு குறைக்கக் கூடாது, விளிம்பிலேயே குறைத்துக்கொண்டு மெதுவாகத்தான் உள்ளே நுழைய வேண்டும். வேகம் கூடினால் பிரேக்கை நன்றாக ஒரு மிதி, வேகம் தணிந்ததும் முழுக்க விட்டுவிட வேண்டும், அப்போதுதான் காற்றுப் பட்டு ஆறும். லேசாக மிதித்தபடியே வருவதுதான் எல்லாவற்றையும் தீய்ப்பது. டிரெய்லரில் இருக்கிற மின் பிரேக்கும் அதே டிரம் லைனிங்தான், அதுவும் சூடேறினால் வழுக்கும். பின்னால் பத்துக் கார் சேர்ந்தால் சேரட்டும், ஒதுங்க இடம் கிடைத்ததும் ஒதுங்கி விட்டுவிடலாம். கல்கரி திரும்பியதும் பிரேக் ஆயிலை மாற்றினேன், பழைய ஆயில் ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும், சூட்டில் அது கொதித்தால் மிதி பஞ்சு மாதிரி ஆகிவிடும். கடைக்காரர் எடுத்த ஆயில் டீ நிறத்தில் இருந்தது.

ஊட்டிக்குக் கல்லட்டி வழியாகப் போனவர்களுக்கு இதெல்லாம் புதிதில்லை. 36 கொண்டை ஊசி வளைவு, எந்த கியரில் இறங்க வேண்டும் என்று போர்டு, அப்படியும் வெளியூர் வண்டிகள் கவிழ்ந்து கவிழ்ந்து, கடைசியில் அவற்றுக்குக் கட்டுப்பாடே போட்டார்கள். ராக்கியில் சாலை அகலம், வளைவு குறைவு, எல்லாம் வழுவழுவென்று இருக்கிறது, அதனாலேயே மலையில் இறங்குகிறோம் என்பது மறந்துபோகிறது.

இரவு தங்குவதைப் பற்றிக் கட்டுரையாளர் விரிவாகவே எழுதியிருந்தார், அதனால் நான் விட்டுவிடுகிறேன், ஒன்றிரண்டு தவிர. லேக் லூயிஸில் இரண்டு விதமான முகாம் இருக்கிறது. கூடாரம் போடுகிறவர்களுக்கு ஒன்று, அதைச் சுற்றிக் கரடி வராமல் மின்வேலி. கெட்டிச் சுவர் உள்ள வண்டிகளுக்கு இன்னொன்று, அதற்கு வேலி கிடையாது. நாங்கள் டிரெய்லர் முகாமில் இடம் பிடித்துவிட்டு, பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னக் கூடாரம் போட்டுவிடலாம் என்று கம்பியெல்லாம் ஊன்றியாகிவிட்டது. பூங்கா ஊழியப் பெண் ஒருவர் வந்து, இங்கே துணிக் கூடாரம் கூடவே கூடாது என்று சிரித்த முகத்தோடு பிரிக்கச் சொன்னார். தப்பு முழுக்க எங்களுடையது, முன்பதிவுப் பக்கத்திலேயே போட்டிருக்கிறார்கள், யார் படித்தார்கள்? அன்று 16 அடி டிரெய்லரில் ஆறு பேர். பக்கத்தில் சரக்கு ரயில் பாதை வேறு, ராத்திரி ஒவ்வொரு ரயிலுக்கும் அப்பா எழுந்து உட்கார்ந்து பெட்டியை எண்ணினார். நூறைத் தாண்டியது என்று காலையில் சந்தோஷமாகச் சொன்னார். மலையைப் பற்றிச் சொல்லாத மனிதர் ரயிலைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்.

வில்காக்ஸில் கரண்ட் கிடையாது. ஜூலை மாதம்தான், ஆனாலும் ராத்திரி புல்லில் உறைபனி. கேஸ் நிறைய இருக்கிறது, ஹீட்டர் ஓடும் என்று படுத்தோம், விடியற்காலை மூன்று மணிக்கு நின்றுவிட்டது. கேஸ் தீரவில்லை, சூட்டை உள்ளே ஊதுகிற மின்விசிறிக்கு பேட்டரி தீர்ந்துவிட்டது. அம்மா உடனே அடுப்பைப் பற்ற வைக்கலாமா என்றார். மூடிய பெட்டிக்குள் அடுப்பைக் குளிர்காயப் பற்ற வைத்தால் கார்பன் மோனாக்ஸைடு வாசனையே இல்லாமல் ஆளைத் தூங்க வைத்துவிடும். எல்லாருமாக ஒரே கட்டிலில் போர்வைக்குள் நெருக்கிப் படுத்து விடியவைத்தோம். இப்போது கூரையில் ஒரு சோலார் தகடு இருக்கிறது, மோனாக்ஸைடு அலாரத்தை வருடா வருடம் அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

சமையலுக்கு ஒரே வரி: குக்கர் இல்லாமல் போகாதீர்கள். அந்த உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், துவரம் பருப்பு திறந்த பாத்திரத்தில் ஒன்றரை மணி நேரம் கொதித்தும் பல்லில் கடிபட்டது.

இப்போது மாமாவிடம்கூடச் சொல்லக் கூச்சப்பட்ட விஷயத்துக்கு வருகிறேன். கழிவுத் தண்ணீர். டிரெய்லருக்கு அடியில் இரண்டு டாங்க், பாத்திரம் கழுவிய தண்ணீருக்கு ஒன்று, கழிப்பறைக்கு ஒன்று. இரண்டையும் முகாமில் சானி டம்ப் என்று போர்டு போட்ட இடத்தில்தான் காலி செய்ய வேண்டும். இதில் ஒரு வேடிக்கை. இந்த முட்டை வடிவச் சின்ன ஃபைபர் கிளாஸ் டிரெய்லர்களுக்கு மூலவர் போலர் என்ற வண்டி, 1968-ல் வினிபெக்கில் ரே ஒலெக்கோ என்பவர் செய்தது. 13 அடி, எடை ஆயிரம் பவுண்டுக்குள். தொப்பி மாதிரி இருந்ததால் பௌலர் தொப்பியின் பெயரையே எழுத்தை மாற்றி வைத்துவிட்டார். அதற்கு முன்னால் அவர் செய்துகொண்டிருந்தது என்ன தெரியுமா, ஃபைபர் கிளாஸ் செப்டிக் டாங்க்! அதே யோசனைதான், இரண்டு பாதி ஓட்டைச் செய்து நடுவில் ஒட்டினால் லேசாகவும் ஒழுகாமலும் இருக்கும் என்று. ஆக, நாம் இன்ஸ்டாகிராமில் படம் போடுகிற வண்டிக்குப் பூர்வீகமே செப்டிக் டாங்க்தான். அப்படிப்பட்ட வண்டியை வைத்துக்கொண்டு கழிவைப் பற்றிப் பேச நமக்கு மட்டும் ஏன் இவ்வளவு கூச்சமோ.

இதை இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன்னால் பார்க்வேயில் ஒரு முகாம், பெயர் வேண்டாம். பக்கத்து இடத்தில் வாடகை டிரெய்லரோடு ஒரு குடும்பம், நம்மவர்கள்தான், தமிழ் கேட்டதும் எங்களுக்குச் சந்தோஷம், ராத்திரி தோசை போய் கொத்து ரொட்டி வந்தது. பத்து மணிக்கு மேல் அந்தத் தம்பி டார்ச்சோடு வெளியே வந்து, டிரெய்லருக்கு அடியில் குனிந்து, கழுவிய தண்ணீர் டாங்கின் வால்வைத் திறந்து மரத்தடியில் விட்டார். எனக்குச் சங்கடம். போய் மெதுவாகச் சொன்னேன். "கை கழுவின தண்ணிதானே அண்ணை, மரத்துக்கு நல்லதுதானே" என்றார். அவர் கெட்டவர் இல்லை, வீட்டில் வாழைக்கும் தென்னைக்கும் அப்படித்தானே விடுவோம். ஆனால் அதில் சோறும் மீன் குழம்பும் எண்ணெயும் இருந்தது. விடியும்போது அந்த மரத்தடியில் அண்டங்காக்கைகளும் தரை அணில்களும் கூடிவிட்டன. கரடி வரவில்லை. வந்திருந்தால் அதோடு போகாது, முகாமில் சாப்பாடு கிடைக்கும் என்று கண்டுகொண்ட கரடி திரும்பத் திரும்ப வரும், கடைசியில் அதைச் சுட வேண்டியதாகிவிடும். அதனால்தான் இந்தப் பூங்காக்களில் ஆள் இல்லாதபோது மேசைமேல் ஒரு எச்சில் தட்டுகூட இருக்கக் கூடாது என்கிறார்கள், பாத்திரம் கழுவிய வாளியையும் சேர்த்துத்தான். விலங்குக்கு உணவு போட்டால் அபராதம் 25,000 டாலர் வரை போகலாம்.

நம் சமையலுக்கு என்று சில வழிகள் நாங்களே கண்டுபிடித்தவை. தட்டையும் சட்டியையும் கழுவுவதற்கு முன்னால் காகிதத்தால் நன்றாகத் துடைத்துக் கரடி திறக்க முடியாத குப்பைத் தொட்டியில் போட்டுவிடுகிறோம், எண்ணெயும் மஞ்சளும் டாங்குக்குள் போனால் அடுத்த வெயிலில் வண்டி முழுக்க நாறும். அதற்கு உங்கள் பத்திரிகையின் பழைய பக்கங்கள் மிகவும் உதவியாக இருக்கின்றன, கோபித்துக்கொள்ள வேண்டாம். அப்புறம் நாம் தண்ணீர் பயன்படுத்துகிறவர்கள், ஆறு பேர் இருந்தால் கழிப்பறை டாங்க் ஒன்றரை நாளில் நிறைந்துவிடும், பகலில் முகாமின் கழிப்பறைக்கே நடந்து போவது என்று எங்கள் வீட்டில் சட்டம், ராத்திரிக்கு மட்டும் உள்ளே. சானி டம்பில் கையுறை போட்டுக்கொண்டு முதலில் கழிப்பறை டாங்கைத் திறக்க வேண்டும், அடுத்துதான் கழுவிய தண்ணீர், அது குழாயைக் கழுவிக்கொண்டு போகும். முதல் தடவை நான் வரிசையை மாற்றிச் செய்தேன். பின்னால் ஐந்து வண்டி வரிசையில் நிற்க, அந்தக் குழாயை நான் பிடித்துக்கொண்டு நின்ற கோலத்தை என் மனைவி படம் எடுத்து வைத்திருக்கிறாள். அந்தப் படத்தை எந்தப் பத்திரிகையும் போடாது.

இன்னொன்று, தீ. 2024 ஜூலையில் ஜாஸ்பரில் எங்களுக்கு இடம் பதிவாகியிருந்தது, கிளம்புவதற்கு மூன்று நாள் இருக்கும்போது, 22-ஆம் தேதி இரவு ஊரையே காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். இரண்டு நாளில் தீ ஊருக்குள் வந்து கட்டடங்களில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிட்டது. நாங்கள் அங்கே இருந்திருந்தால், இருட்டில், புகையில், டிரெய்லரைத் திருப்பி மாட்டிக்கொண்டு நீண்ட வரிசையில் போயிருக்க வேண்டும். அதிலிருந்து எந்த முகாமுக்குப் போனாலும் வேனின் முகம் வெளியே பார்க்கத்தான் நிறுத்துகிறேன், பெட்ரோல் பாதிக்குக் கீழே போக விடுவதில்லை. ஏதாவது ஒன்று என்றால் டிரெய்லரை விட்டுவிட்டு வேனை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடுவது என்று வீட்டில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். கிரைண்டரையுமா என்று அம்மா கேட்டார்.

ஆசிரியரே, கோடை வருகிறது, டொராண்டோவிலிருந்து கல்கரிக்கு விமானத்தில் வந்து, இங்கே டிரெய்லர் வாடகைக்கு எடுத்து மலைக்குப் போகிற குடும்பங்கள் உங்கள் வாசகர்களில் ஏராளம் இருப்பார்கள். அடுத்த முறை இப்படி ஒரு கட்டுரை வந்தால் எழுதியவரிடம் இரண்டு கேள்வி சேர்த்துக் கேட்டுப் போடுங்கள்: பெரிய இறக்கத்தில் எந்த கியரில் வந்தீர்கள், டாங்கை எங்கே காலி செய்தீர்கள். ஏரிப் படத்தில் ஒன்றைக் குறைத்தால் இடம் கிடைத்துவிடும்.

மாமாவுக்குப் பதில்: சுகமும் இருக்கிறது மாமா, வாருங்கள், ஆனால் எடை மேடைக்கு முதலில் போவோம். அப்பா இந்த ஜூலையில் மறுபடி வருகிறார். வரும்போது குக்கருக்கு வெயிட் ஒன்று கூடுதலாக வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன், போன தடவை பிக் பெண்ட் பக்கத்தில் புல்லுக்குள் விழுந்தது எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை.

இப்படிக்கு,
போடியிலிருந்து வந்த ஒரு வாசகர்,
கல்கரி